தலையைச் சாய்த்துக் கேட்டவர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. பெயரைப் போட்டால் இந்தப் பக்கத்தை வெட்டி, சட்டம் போட்டு, தன் அறைச் சுவரில் மாட்டிக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. திட்டி எழுதியிருந்தாலும் மாட்டுவார். கீழே 'என் மாணவி எழுதியது' என்று ஒரு சீட்டும் ஒட்டுவார்.

ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கண்ணாடிக் கட்டடம். அதில் சனி, ஞாயிறுகளில் மருத்துவமனை நிர்வாகிகளுக்கான இரண்டு வருட முதுகலை மேலாண்மைப் படிப்பு நடந்தது. பல் டாக்டர்கள், நர்சிங் சூப்பிரண்டண்ட்கள், பிசியோதெரபிஸ்ட்கள், இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனவர்கள், எல்லாரும் வருவோம். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கிவிட்டு, வாரக் கடைசியில் எப்படித் திட்டுவது என்று படிக்க வருகிறவர்கள் நாங்கள். நான் பொம்மசந்திரா பக்கம் ஒரு மருத்துவமனையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எக்ஸிகியூட்டிவ். யாருக்கும் பிடிக்காத வேலையை எல்லாருக்கும் ஞாபகப்படுத்துகிற வேலை அது. வகுப்பிலேயே சின்னவள் நான்தான். கையைத் தூக்கினால் இறக்காதவளும் நான்தான்.

அவர் எங்களுக்குத் தலைமைத்துவம் நடத்தினார். பல வருடம் மருத்துவமனைகளை நடத்திவிட்டு வந்த மனிதர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நீல பிளேசர், வெள்ளைச் சட்டை, பேனா இல்லாத சட்டைப்பை. பேனா வைத்துக்கொள்ளவே மாட்டார். "எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். கையெழுத்துப் போட வேண்டி வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கை நீட்டுவார். அந்தப் பேனா திரும்பி வராது.

ஆனால் அவரைப் போல ஒருவர் பேசுவதைக் கேட்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். நீங்கள் பேச ஆரம்பித்ததும் போனைக் கவிழ்த்து வைப்பார். தலையை இடதுபக்கமாகக் கொஞ்சம் சாய்ப்பார். புருவம் லேசாக மேலே போகும். குறுக்கே பேசவே மாட்டார். நீங்கள் நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். இந்த ஊரில் யார் யாரிடம் 'அப்புறம்' என்கிறார்கள்? வீட்டில் அம்மாவுக்கு நேரமில்லை. வேலையில் டாக்டர்கள் நான் வாயைத் திறந்ததுமே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். நான் கொட்டினேன். என் ஐடியா, என் கோபம், என் ஜோக், ஆஸ்பத்திரியில் நடக்கிற அபத்தம், எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் வருடம் முழுக்க அவரைப் போல ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். இதை எழுதும்போதுகூட காது சூடாகிறது.

பெயர் சொல்லி யாரையும் கூப்பிட மாட்டார். எல்லாரும் 'சாம்பியன்'தான். "சொல்லு சாம்பியன்." "காபி ஆச்சா சாம்பியன்?" பாசம் என்று நினைத்தோம். பெயர் தெரியாது என்று அப்புறம் நினைத்தோம். இரண்டுமே தப்பு என்று பிறகு தெரிந்தது.

எனக்கு முதலில் உறுத்தியது தங்கவயல் பல் டாக்டர் விஷயம். என் பக்கத்து இருக்கைக்காரர், சாதுவான மனிதர். ஒருநாள் டீ நேரத்தில் தன் கிளினிக்கைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் வயசானவர்கள் எழுந்து வருவதில்லையாம். சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்களுக்கு அது வெறுத்துப்போயிருந்ததாம். அதனால் இவர் ஒவ்வொருவரையும் அவரவர் வீடு இருக்கும் லைன் பெயரையும் ஆள் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட ஏற்பாடு செய்திருந்தார். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அப்புறம்?" என்றார்.

இரண்டு வாரம் கழித்து வகுப்பில், "நான் ஒரு ஆஸ்பத்திரி நடத்திட்டு இருந்தப்போ," என்று தொடங்கினார். "பெரியவங்க டோக்கன் நம்பருக்கு எழுந்தே வரமாட்டாங்க. நான் யோசிச்சேன்." அப்புறம் அதே கதை. சுரங்கம் மில்லாக மாறியிருந்தது, அவ்வளவுதான். பல் டாக்டர் மும்முரமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அவரை முழங்கையால் இடித்தேன். "டாக்டர், இது நீங்க சொன்னதுதானே?"

எழுதுவதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "ஆமால்ல?" என்றார். "ஆனா சார் சொல்றப்போ நல்லா இருக்குதுல்ல?" மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். நான் காண்டீனில் அடித்த ஜோக்கை என்னிடமே திருப்பிச் சொல்லிவிட்டு, நான் சிரிப்பதற்காக நின்றார். சிரித்துத் தொலைத்தேன். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்தே வகுப்புக்கு வந்த நர்சிங் சூப்பிரண்டண்ட் டியூட்டி மாறும் நேரத்துக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருந்தார். அது எங்கோ ஒரு கருத்தரங்கில் இவர் வாயிலிருந்து வந்ததாக எங்கள் எம்.டி.யே அந்த சிஸ்டரிடம் வந்து சொல்லி, "நீங்களும் இப்படியெல்லாம் யோசிக்கணும் சிஸ்டர்," என்று அறிவுரை கொடுத்துவிட்டுப் போனாராம். சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடிய சத்தம் இன்னும் கேட்கிறது.

இதில் பயமான விஷயம் ஒன்று உண்டு. அவர் பொய் சொல்வதாக அவருக்குத் தெரியாது. திருடனுக்குத் திருடியது தெரியும். இவருக்குத் தெரியாது. காதுக்குள் போனது அங்கேயே தங்கி அவருடைய ஞாபகமாகிவிடும். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் என் அம்மாவை எடுத்துக்கொண்டார்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக். அம்மா அங்கே ரிசப்ஷனில் இருந்தார். வியாழக்கிழமை நொவேனா பிரார்த்தனைக்கு ஊரே வரும். வெறும் வயிற்றோடு வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு, தலைசுற்றி கிளினிக் வாசலில் வந்து விழுவார்கள். அம்மா கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, குளுக்கோஸ் பிஸ்கெட்டும் தண்ணீரும் வைத்திருப்பார். டாக்டர் ஒருநாள், "இது என்ன டீக்கடையா?" என்று கத்தினாராம். அம்மா நாற்காலியைத் தூக்கி வெளியே நடைபாதையில் போட்டுவிட்டு, "இப்ப உங்க கிளினிக்குக்கு வெளியதான இருக்குது டாக்டர்," என்றாராம். படிப்பில் சேர வந்தபோது நேர்காணலில், ஏன் மருத்துவமனை நிர்வாகம் படிக்க ஆசை என்று கேட்டார்கள். நான் இதைத்தான் சொன்னேன். நடுவில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டவர் அவர்தான்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் புது பேட்ச்சுக்கு வரவேற்பு. நான் கழுத்துப்பட்டை அடையாள அட்டைகளைக் கொடுத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். மேடையில் அவர் தொண்டையைச் செருமினார். "எங்க அம்மா ஒரு சின்ன கிளினிக்ல ரிசப்ஷன்ல இருந்தாங்க," என்றார்.

நாற்காலி வந்தது. பிஸ்கெட் வந்தது. டீக்கடை வந்தது. சர்ச் மட்டும் முருகன் கோயிலாகியிருந்தது. வியாழக்கிழமை செவ்வாய்க்கிழமையாகியிருந்தது. "இப்ப உங்க கிளினிக்குக்கு வெளியதான இருக்குது" என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது. கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. அரங்கமே கைதட்டியது. நான் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அந்தாளுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸாம். ஜெயநகர்ல இருக்காங்க."

"அந்தம்மாகிட்ட போயி சொல்லு, உம்புள்ள வேற அம்மா பாத்துக்கினான்னு." மீன் தலையை ஓங்கி நறுக்கினார். "அத்த சும்மா உடாத."

விடவில்லை.

படிப்பு முடிக்க ஒவ்வொருவரும் தன் மருத்துவமனையில் ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்த்துக் காட்டவேண்டும். நான் டிஸ்சார்ஜை எடுத்தேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்," என்பார். நோயாளி கட்டிலை விடும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். நடுவில் பில் வரவேண்டும், இன்சூரன்ஸ் ஒப்புதல் வரவேண்டும், மருந்து வரவேண்டும். அதுவரை கீழே எமர்ஜென்சியில் ஒருவர் கட்டிலுக்காக ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பார். என் திட்டம் எளிமையானது. வேலைகளையெல்லாம் முதல் நாளே முடித்துவிடுவது, காலை பதினொரு மணிக்குள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. 'பதினொன்றுக்குள் வீடு' என்று பெயரும் வைத்தேன். முதல் வரைவை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு வழியில்லை, அவர்தான் என் வழிகாட்டி.

"இது முதல் வரைவுதான் சார். இன்னும் வார்டுல உக்காந்து பாக்கல," என்று சொன்னேன். இதைச் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

தலையைச் சாய்த்தார். "அப்புறம்?" என்றார். ஒரு மணி நேரம் பேசினேன்.

இதற்கிடையில் எங்கள் மருத்துவமனைச் சேர்மன் ஒன்று அறிவித்திருந்தார். கட்டில்களை நேரத்துக்குக் காலி செய்ய வழி காட்டுகிறவர் யாரோ, வைட்ஃபீல்டில் திறக்கப்போகும் புது கிளையில் அந்தப் பொறுப்பு முழுக்க அவருக்குத்தான். எனக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், அதற்காக வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் தினமும் சாகக்கூடத் தயாராக இருந்தேன்.

வார்டில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் சாயங்காலமே பில், மருந்து எல்லாவற்றையும் தயார் செய்யவைத்தேன். நன்றாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே எல்லாம் தயார். பதினொரு மணிக்கு வார்டுக்குப் போனால் ஒருவர்கூட நகரவில்லை. அத்திப்பள்ளியிலிருந்து வந்த ஒரு அம்மா, ஹெர்னியா ஆபரேஷன் ஆன கணவரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பை கட்டியாகிவிட்டது. பிளாஸ்க் கையில் இருந்தது. கணவர் செருப்புக்கூடப் போட்டுவிட்டார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சே ஆன்ட்டி, கிளம்பலாமே?" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, படிச்ச பொண்ணுதான நீ? ராவு காலத்துல யாருனா ஆஸ்பத்திரிலந்து வூட்டுக்குக் கூட்டினு போவாங்களா? திரும்ப இங்கியே வரவா?"

"எப்ப முடியும் ஆன்ட்டி?"

"பன்னெண்டுக்கு. காலண்டர்கூடப் பாக்க மாட்டியா நீ?" கணவரைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை ராவு காலம் தெரிலயாம்," என்றார். அவர் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் ராகு காலம் கிடையாது. வியாழக்கிழமை நொவேனா உண்டு, வெள்ளிக்கிழமை கறி கிடையாது, அத்தோடு சரி. என் மூளைக்கு இது எட்டவே இல்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. மற்ற நாட்களில் வேறு வேறு நேரம். அதன் பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டேன். தமிழோ கன்னடமோ, முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். இந்த நேரத்தில் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். டாக்டர்கள் கேட்டால் மருந்துக்குக் காத்திருக்கிறோம், மகன் வரணும், தலை சுத்துது என்று ஏதாவது சொல்வார்களே தவிர, உண்மையைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். திட்டத்தை அடியோடு மாற்றி எழுதினேன். கிழமைக்கு ஒரு நேரம். வெள்ளியன்று பத்தேகாலுக்குள், இல்லாவிட்டால் பன்னிரண்டுக்கு மேல். முதல் நாள் சாயங்காலமே குடும்பத்திடம், 'நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?' என்று கேட்டுவிடுவது.

அந்த இரண்டாவது வரைவைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை அவர் அறைக்குப் போனேன். மேசையில் எங்கள் மருத்துவமனையின் அழைப்பிதழ், இன்னும் தேதி போடாமல் கிடந்தது. 'பதினொன்றுக்குள் வீடு: செயல்விளக்கம்.' கீழே அவர் பெயர். கணினித் திரையில் என் ஸ்லைடுகள். என் வரைபடம். நான் தேர்ந்தெடுத்த மஞ்சள் நிறம்கூட அப்படியே இருந்தது.

"சார், இது என்னோட ப்ராஜெக்ட்."

"நம்ம ப்ராஜெக்ட் சாம்பியன்."

"இதுல உங்க பேரு மட்டும்தான் சார் இருக்கு."

தலையைச் சாய்க்கவில்லை. அன்றைக்குக் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை. வேண்டியது ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதே. "நான் பேசினா சேர்மன் கேப்பாரு. நீ பேசினா யாரு கேப்பா? யோசி."

"அப்போ வைட்ஃபீல்டு?"

"அதுக்கு அட்வைசரா நான் போறேன். உன்னையும் கூட்டிட்டுப் போறேன்ல? நீ எனக்கு ரிப்போர்ட் பண்ணு. டேட்டா பாத்துக்கோ. உனக்கு வயசு இருக்கு சாம்பியன்."

பைக்குள் கையை விட்டேன். இரண்டாவது வரைவு விரலில் பட்டது. அப்படியே கையை எடுத்துவிட்டேன்.

அப்போது அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே போனைப் பொத்தி என்னிடம் கேட்டார். "சேர்மனுக்கு வியாழனும் ஓகே, வெள்ளியும் ஓகேயாம். பதினொரு மணிக்கு. உன் வார்டுதான, எது பெட்டர்?"

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ராகு காலம் கிடையாது. அன்றைக்கு நடந்தால் கட்டில்கள் காலியாகும். கைதட்டல் கிடைக்கும். வைட்ஃபீல்ட் அவருடையதாகிவிடும்.

"வெள்ளிக்கிழமை சார்," என்றேன். "நல்ல நாள்."

"நானும் அதான் நினைச்சேன்," என்றார். போனில், "வெள்ளிக்கிழமைன்னு டிசைட் பண்ணிட்டேன்," என்றார். என்னிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமே இல்லாத ஒரே பொருள் அந்த வெள்ளிக்கிழமைதான்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செயல்விளக்கத்தால் எந்த நோயாளிக்கும் ஒரு குறையும் வரவில்லை. எமர்ஜென்சிக்குத் தேவையான கட்டில்களை நர்சிங் சூப்பிரண்டண்டிடம் சொல்லி வேறு வார்டுகளில் முன்பே ஒதுக்கி வைத்தேன். காரணம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "யாரு, அந்த நீலக் கோட்டா?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தன கட்டில் வேணும், சொல்லு," என்றார். செக்யூரிட்டி சூப்பர்வைசரிடம் போய், பன்னிரண்டு அடிக்கும்போது இருக்கிற வீல்சேர் எல்லாம் அந்த மாடியில் இருக்கவேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். பழிவாங்குவதாக இருந்தாலும் ஏற்பாடு சரியாக இருக்கவேண்டும். இதையும் அந்தப் படிப்பில்தான் கற்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் சீக்கிரமே வந்துவிட்டார். புது டை. கூட்ட அறையில் எல்லாரும் வந்து சேர்வதற்குள்ளேயே பேச எழுந்தார். நான் ஸ்லைடைப் போட்டுக்கொண்டிருந்தேன். குனிந்து என் காதருகில் சொன்னார்.

"பத்தரைக்குள்ள ஆரம்பிச்சிரணும் சாம்பியன். அப்புறம் ராகு காலம்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். தான் சொன்னது தன் காதிலேயே விழுகிறதா என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன். டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா சார்," என்றேன்.

நன்றாகப் பேசினார். இல்லையென்று சொல்லமாட்டேன். பதினொரு மணிக்குச் சேர்மன் முன்னால் நடக்க, பின்னால் டாக்டர்களும் நாங்களும் வார்டுக்குள் நுழைந்தோம். சேர்மன் எழுபதைத் தாண்டிய கன்னடக்காரர். நெற்றியில் சின்னதாகக் குங்குமம். எல்லாக் கட்டிலிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் உடை மாற்றி, தலை வாரி, பை கட்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். சிலர் எழுந்து சேர்மனுக்கு வணக்கம்கூடச் சொன்னார்கள். யாரும் கிளம்பவில்லை.

அவர் ஒரு பாட்டையாவிடம் போனார். "கிளம்பலாம் பெரியவரே. கீழ வண்டி ரெடி."

"நீங்க முன்ன போங்க சார், நாங்க வரோம்," என்றார் பெரியவர்.

பக்கத்துக் கட்டில் பெண், "பில்லு கட்டியாச்சு சார். இன்னும் ஏன் தொரத்துறீங்க?" என்றார். பின்னால் யாரோ ஒரு டாக்டர் இருமுவதுபோலச் சிரித்தார்.

சேர்மன் ஒரு கன்னட அம்மாவிடம் குனிந்து, "யாக்கம்மா ஹோகில்லா?" என்று கேட்டார். ஏன் போகவில்லை என்று. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ராஹுகால சார். ஹன்னெரடு ஆக்லி," என்றார். பன்னிரண்டு ஆகட்டும்.

சேர்மன் நிமிர்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியாதா?" என்று தமிழிலேயே கேட்டார். "என் வீட்டுலயே இந்த டைம்ல யாரும் வாசல் தாண்ட மாட்டாங்க. நீங்க இதை வெச்சு வைட்ஃபீல்டுல ஆஸ்பத்திரி நடத்தப் போறீங்களா?"

அவர் கழுத்து நேராக நின்றது. அப்படி நான் பார்த்ததே இல்லை. டையைத் தொட்டார். உடனே ஒன்று தோன்றிவிட்டது.

"சார், ஓப்பனா சொல்றேன். இது என் ப்ளானே இல்ல. ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட். முழுக்க முழுக்க இவங்களோடது." என்னைக் கை காட்டினார். என் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு, அப்பா பெயரோடு, பதவியோடு, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னார். இரண்டு வருடமாக அவருக்கு என் பெயர் தெரிந்தே இருந்திருக்கிறது.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா சார், என்னோடதுதான்," என்றேன். சேர்மனுக்குச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "சார், எல்லாரும் இருக்காங்க, கிளியரா சொல்லிடுங்க. இதுல உங்க பங்கு ஏதாவது இருக்கா?"

"எதுவும் இல்லை," என்றார், தொட்டால் சுட்டுவிடும் என்பதைப் போல.

"ஐடியா?"

"இல்லம்மா. எதுவுமே இல்லை."

நர்சிங் சூப்பிரண்டண்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது.

"சேர்மன் சார், நீங்க பாத்தது முதல் வரைவு. அதுல தப்பு இருக்குன்னு நானே கண்டுபிடிச்சு மாத்திட்டேன்," என்று பையிலிருந்து இரண்டாவதை எடுத்து நீட்டினேன். "பன்னெண்டு வரைக்கும் இங்க இருந்து பாக்க முடியுமா?"

சேர்மன் நாற்காலி கேட்டார். ராகு காலத்தில் அவருக்கும் வேறெங்கும் போகிற எண்ணம் இல்லை போலிருந்தது. நர்ஸ் ஸ்டேஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இடையில் கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். செவ்வாய்க்கிழமை எப்போது என்றார். மூன்றிலிருந்து நாலரை என்றேன். "பரவால்ல, கத்துக்கிட்டீங்க," என்றார். நீலக் கோட்டு ஜன்னல் ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அவரிடம் பேசவில்லை. அவரும் யாரிடமும் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் வார்டே எழுந்தது. வீல்சேர்கள் வரிசையாக வந்தன. பிளாஸ்க்கும் தலையணையும் பழக்கூடையுமாக எல்லாரும் நகர்ந்தார்கள். பாட்டையா போகிற போக்கில் சேர்மனிடம், "வரோம் சார்," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "வரல சார், போறோம்," என்று திருத்தினார். சேர்மன் வாய்விட்டுச் சிரித்தார். மாடி காலியானது. படுக்கை விரிப்புகளை உருவும் சத்தம் மட்டும் கேட்டது.

"வைட்ஃபீல்டுக்கு நீங்களே போங்க," என்றார் சேர்மன் என்னிடம். "இது யாரோட ப்ளான்னு எழுத்துல எனக்கு ஒரு மெயில் வரணும். நாளைக்கு வேற யாராவது வந்து என்னோடதுன்னு சொல்லக்கூடாது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் அவரை அப்படி முடித்துவிட முடியாது.

ஊழியர்கள் லிஃப்டில் அவர் தனியாக ஏறினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தலை மெல்ல இடதுபக்கம் சாய்ந்தது. "பாத்தியா சாம்பியன்?" என்றார். "எப்படி உன்னைக் கரெக்டான டைம்ல முன்னாடி தள்ளிவிட்டேன்? நான் அடி வாங்கிக்கிட்டு உன்னை மேல ஏத்திவிட்டேன். உண்மையான லீடர் இதைத்தான் செய்யணும்."

கண் கலங்கியிருந்தது. நம்பிவிட்டார். லிஃப்ட் கீழே போய்ச் சேர்வதற்குள் இது நடந்ததாகவே ஆகிவிடும். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் தலைமைத்துவத்துக்கு உதாரணமாக வரும். பல் டாக்டர் எழுதிக்கொள்வார். என் அம்மாவை எடுத்தவருக்கு நான் பழிவாங்கியதை எடுக்கவா தெரியாது?

கதவு மூட வந்தது. கையைக் குறுக்கே வைத்தேன். மறுபடி திறந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். சேர்மனுக்கு ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க."

"சாயங்காலம் போடறேன்மா."

"இப்பவே போடுங்க சார். சின்னதுதான். நான் சொல்றேன், நீங்க அடிங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கதவு என் கையில் மோதி மோதித் திறந்தது. லிஃப்ட் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஒரு வார்டு பாய், இரண்டு நர்சுகள், லினன் வண்டி என்று எனக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. அவர் போனை எடுத்தார்.

"இந்தத் திட்டத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை," என்றேன். அடித்தார். "முதல் வரி முதல் கடைசி வரி வரை," என்றேன். அடித்தார். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதை அவரே அடித்துவிட்டார், இனிஷியலோடு.

"காப்பி எனக்கும் போடுங்க சார்."

கட்டைவிரல் திரையின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. என்னைப் பார்த்தார். அந்த இரண்டு வருடத்தில் முதல்முறையாக, எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் என்னைப் பார்த்தார். விரலை அழுத்தினார்.

"போயிருச்சு. கையை எடு."

எடுக்கவில்லை. இன்னொரு கையால் என் போனை எடுத்துத் திறந்து, மெயில் வந்து விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.